ரிசீவர்கள் அடுத்த சீசனில் எவ்வளவு எடுப்பார்கள்? ஒரு என்.எஃப்.எல். அணியை முழுசாகக் கணிக்கும் வழி

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில், 2024 சீசனில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) ஜமார் சேஸ் 127 கேட்ச் பிடித்து, 1,708 யார்டும் (பந்தோடு முன்னேறிய தூரம்) 17 டச் டவுனும் (எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது) எடுத்தார். மூன்றிலுமே அந்த வருஷம் லீக்கில் அவர்தான் முதலிடம். இப்படி ஒரு சீசன் முடிந்தால் அடுத்த கேள்வி தானாக வந்துவிடும்: அடுத்த வருஷம் 2,000 யார்டைத் தொடுவாரா?

கேள்வியில் தப்பில்லை. ஆனால் சேஸிடமிருந்தே ஆரம்பித்துப் பதில் தேடினால் கணக்கு உதைக்கும். ஒவ்வொரு வீரரையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டால் எல்லோருக்கும் நல்லதாகவே தோன்றும். சேஸுக்கு 1,800, காயம் ஆறிய இரண்டாவது ரிசீவர் டீ ஹிக்கின்ஸுக்கு 1,300, டைட் எண்டுக்கு (தடுப்பதும் பந்து பிடிப்பதும் இரண்டும் செய்பவர்) 750, மூன்றாவது ரிசீவருக்கு 700, ரன்னிங் பேக்குக்கு (பந்தோடு ஓடுவதே முக்கிய வேலையாக உள்ளவர்) 450, மற்றவர்களுக்கு 800 என்று போடுவோம். தனியாகப் பார்த்தால் எதுவும் அபத்தமில்லை. கூட்டினால் 5,800 வருகிறது. ஒரு குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) ஒரே சீசனில் எறிந்த அதிகபட்சமே 2013-ல் பெய்டன் மானிங்கின் 5,477 யார்டுதான்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். அதனால் முதலில் அணியின் மொத்தத்தைக் கணிக்க வேண்டும், பிறகுதான் ஆளுக்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு வரிசையைத்தான் பின்பற்றுகிறது. 2024 எண்களைக் கையில் வைத்துக்கொண்டு 2025 பெங்கால்ஸைக் கணிப்பதை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். காரணம், அந்த அணியில் பந்து எறிபவர், பிடிப்பவர்கள் விஷயத்தில் அந்தக் கோடையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. அதனால் கணக்கின் எலும்புக்கூடு தெளிவாகத் தெரியும். நீங்கள் வேறு எந்த அணியை எடுத்தாலும் படிகள் இவைதான்.

தொடங்கும் முன் என்னென்ன வேண்டும்

ஒரு எக்செல் தாளும், ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் மாதிரி ஒரு புள்ளிவிவரத் தளமும் போதும். குவார்ட்டர்பேக்கின் ஒவ்வொரு சீசனுக்கும் எறிந்த பந்துகள், முழுமையானவை (சக வீரர் பிடித்தவை), யார்டு, டச் டவுன், ஆடிய ஆட்டங்கள் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். ரிசீவர்களுக்கு டார்கெட் (அவரைக் குறிவைத்து வீசப்பட்ட பந்துகள்), கேட்ச், யார்டு, டச் டவுன், ஆட்டங்கள்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். அணிப் பட்டியலில் வரும் நிகரப் பாஸிங் யார்டில், குவார்ட்டர்பேக் சாக் ஆகி (எறியும் முன் எதிரணியால் பிடித்துச் சாய்க்கப்பட்டு) இழந்த யார்டும் கழிக்கப்பட்டிருக்கும். அதை ரிசீவர்களின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டால் எப்போதுமே இடிக்கும். குவார்ட்டர்பேக்கின் மொத்த யார்டை எடுங்கள். அப்புறம், டார்கெட் எண்ணிக்கை தளத்துக்குத் தளம் ஒன்றிரண்டு மாறும். ஒரே தளத்தில் நில்லுங்கள்.

முதல் படி: எத்தனை பந்து எறிவார்கள்?

எல்லாவற்றையும் தீர்மானிக்கும் எண் இதுதான். பெங்கால்ஸின் குவார்ட்டர்பேக் ஜோ பரோ 2024-ல் 17 ஆட்டமும் ஆடி 652 பந்து எறிந்தார். ஆட்டத்துக்கு 38.4. இது சாதாரண எண் அல்ல. என்.எஃப்.எல்.லில் ஒரு அணி ஆட்டத்துக்கு ஏறக்குறைய 32, 33 பந்துதான் எறியும்.

ஏன் அவ்வளவு எறிந்தார் என்று கேட்காமல் அந்த எண்ணை அப்படியே அடுத்த வருஷத்துக்கு நகர்த்தக் கூடாது. அந்த சீசனில் பெங்கால்ஸின் டிஃபன்ஸ் (எதிரணியைத் தடுக்கும் வரிசை) ஓட்டைப் பானையாக இருந்தது. 33 புள்ளி எடுத்து வாஷிங்டனிடம் தோற்றார்கள். 38 எடுத்து பால்டிமோரிடம் தோற்றார்கள், அதே பால்டிமோரிடம் 34 எடுத்தும் தோற்றார்கள். பிட்ஸ்பர்கிடம் 38 எடுத்துத் தோற்றார்கள். பின்தங்கிய அணிக்கு ஓடி ஓடி நேரத்தைக் கழிக்க வசதியில்லை, எறிந்தே ஆக வேண்டும். ஆக அந்த 652-ல் ஒரு பகுதி பரோவின் திறமை, இன்னொரு பகுதி டிஃபன்ஸின் புண்ணியம்.

2025 ஜனவரியில் டிஃபன்ஸ் பயிற்சியாளர் லூ அனாருமோவை நீக்கி, நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியிலிருந்து ஆல் கோல்டனைக் கொண்டுவந்தார்கள். டிஃபன்ஸ் கொஞ்சமாவது தேறும் என்று வைத்தால் எறிதல் குறையும். ஆனால் தலைமைப் பயிற்சியாளர் ஸாக் டெய்லர் அப்படியே இருந்தார், ஆட்டப் போக்கும் மாறவில்லை. பரோ 2020 முதல் 2024 வரை 69 ஆட்டத்தில் 2,547 பந்து எறிந்திருக்கிறார், ஆட்டத்துக்கு 36.9. நான் இங்கே 36.2 என்று வைக்கிறேன். 17 ஆட்டத்துக்கு 615.

இந்தப் படிக்கு நேரம் செலவழியுங்கள். கடைசியில் தப்பாகப் போகும் கணிப்புகளில் பெரும்பாலானவை இங்கேதான் தப்பியிருக்கும். ரிசீவரின் திறமையை எடைபோட மணிக்கணக்கில் வீடியோ பார்ப்பவர்கள்கூட, அணி எத்தனை பந்து எறியும் என்பதைப் போன வருஷத்து எண்ணிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாம் படி: அந்தப் பந்துகள் என்ன ஆகும்?

பரோவின் ஐந்து சீசனையும் கூட்டினால் 68.6 சதவீதம் முழுமை, பந்துக்கு 7.46 யார்டு, எறிந்ததில் 5.5 சதவீதம் டச் டவுன் என்று வருகிறது. 2024-ல் மட்டும் முறையே 70.6, 7.54, 6.6. அந்த வருஷம் 43 டச் டவுன். முழுமையும் யார்டும் பழைய சராசரிக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. டச் டவுன்தான் எகிறி நிற்கிறது.

பழைய சராசரிக்கும் கடைசி சீசனுக்கும் நடுவே, பழைய பக்கமாகச் சாய்ந்து ஒரு இடம் பிடியுங்கள். யார்டை மட்டும் சராசரிக்கும் சற்றே கீழே இறக்கி, 68.8 சதவீதம், 7.4 யார்டு, 5.6 சதவீதம் என்று வைத்தால் 615 பந்துக்கு 423 கேட்ச், 4,551 யார்டு, 34 டச் டவுன். இதுதான் சட்டி. இனி யாருக்குக் கூட்டினாலும் இன்னொருவரிடமிருந்து கழித்துத்தான் கூட்ட முடியும்.

மூன்றாம் படி: போனவர் யார், வந்தவர் யார்?

மார்ச்சில் வீரர்கள் அணி மாறுவார்கள், ஏப்ரலில் டிராஃப்ட் (புது வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பது). பெங்கால்ஸுக்கு இந்தப் படி அந்த வருஷம் சுலபமாக இருந்தது. சேஸும் ஹிக்கின்ஸும் மார்ச் 2025-ல் நான்கு வருஷ ஒப்பந்தம் போட்டார்கள், டைட் எண்ட் மைக் கெசிக்கியும் தங்கிவிட்டார். காலியான டார்கெட் அதிகமில்லை.

எல்லா அணிக்கும் இப்படி அமையாது. 2022 மார்ச்சில் இரண்டு பெரிய ரிசீவர்கள் அணி மாறினார்கள். கிரீன் பே பேக்கர்ஸிலிருந்து டவான்டே ஆடம்ஸ் லாஸ் வேகஸுக்குப் போனார், கான்சஸ் சிட்டியிலிருந்து டைரீக் ஹில் மயாமிக்குப் போனார். ஆடம்ஸ் அதற்கு முந்தைய சீசனில் 169 டார்கெட்டில் 123 கேட்ச், 1,553 யார்டு எடுத்தவர். அந்த 169-ஐ யாராவது வாரிசாகப் பெறுவார்கள் என்று பலர் கணக்குப் போட்டார்கள். அப்படி எவரும் பெறவில்லை. ஆலன் லஸார்ட் 788 யார்டோடு அணியில் முதலிடம் பிடித்தார், குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸின் டச் டவுன் 37-லிருந்து 26-க்கு இறங்கியது. மறுபக்கம் கான்சஸ் சிட்டியில் ஹில் போன பிறகு குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் 5,250 யார்டும் 41 டச் டவுனும் எறிந்தார். டிராவிஸ் கெல்ஸி 110 கேட்ச், 1,338 யார்டு, மிச்சம் நாலைந்து பேருக்குப் பிரிந்தது.

ஆகவே காலியான டார்கெட்டை அடுத்த ஆள் தலையில் அப்படியே கட்டாதீர்கள். முதலில் ஏற்கெனவே இருக்கும் நல்ல கைகளுக்குக் கொஞ்சம் கொடுங்கள், மீதியைச் சிதற விடுங்கள். நல்ல ரிசீவர் போனதால் எறிதலின் தரம் குறையுமா என்பதை இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய்த் திருத்துங்கள். முதல் வருஷ வீரர்கள் விஷயத்தில் டிராஃப்ட் சுற்றை முக்கிய அளவுகோலாக வைக்கலாம். 2023-ல் ஐந்தாம் சுற்றில் வந்து 1,486 யார்டு எடுத்த பூகா நகூவா மாதிரி ஆள் வருவார்தான், ஆனால் அவரை முன்கூட்டியே கணிக்க முயல்வது வீண் வேலை.

நான்காம் படி: பங்கு பிரித்தல்

எறிந்த பந்துகளில் சுமார் 5 சதவீதம் யாரையும் குறிவைக்காமல் வெளியே வீசப்படும், அல்லது கையைவிட்டுப் போகும்போதே தட்டிவிடப்படும். 615-ல் அதைக் கழித்தால் 584 டார்கெட் மிஞ்சும்.

இங்கே ஒரு விதி: பங்கை ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடுங்கள், சீசனுக்கு அல்ல. ஹிக்கின்ஸ் 2024-ல் 109 டார்கெட் பெற்றார். பட்டியலில் பார்த்தால் சேஸின் 175-க்கு வெகு தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் அவர் ஆடியது 12 ஆட்டம்தான். ஆட்டத்துக்கு 9.1. சேஸ் 10.3. இருவரும் நினைப்பதைவிட நெருக்கமானவர்கள்.

அடுத்தது ஆட்ட எண்ணிக்கை. ஹிக்கின்ஸ் ஐந்து சீசனில், ஆட வாய்ப்பிருந்த 83 ஆட்டத்தில் 70 ஆடியிருக்கிறார். 17-க்கு அது 14.3. நான் 14.5 வைக்கிறேன். மொத்தமே குறைவதால் ஆட்டத்துக்கு 8.5 டார்கெட் என்று கொண்டால் 123. சேஸுக்கு 16.5 ஆட்டம், பரோ எறிந்ததில் பழைய 26.8 சதவீதப் பங்கு, ஆக 160.

ஹிக்கின்ஸ் கூடுதலாக ஆடினால் யாருக்கு அடி? சேஸுக்கு என்றுதான் முதலில் தோன்றும். ஆட்டம் ஆட்டமாகப் பார்த்தால் கெசிக்கிதான் அகப்படுகிறார். அவர் மிளிர்ந்த நாட்களைப் பாருங்கள்: இரண்டாம் வாரம் கான்சஸ் சிட்டிக்கு எதிராக 91 யார்டு, எட்டாம் வாரம் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக 73, ஒன்பதாம் வாரம் ரெய்டர்ஸுக்கு எதிராக 100 யார்டோடு அந்த சீசனின் இரண்டு டச் டவுனும். மூன்று ஆட்டத்திலும் ஹிக்கின்ஸ் காயத்தால் வெளியே. சீசன் கூட்டுத்தொகையான 65 கேட்ச், 665 யார்டை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியாது. அதனால்தான் ஆட்டவாரிப் பதிவைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன். கெசிக்கிக்கு 68 டார்கெட்.

ரன்னிங் பேக் சேஸ் பிரவுனுக்கும் (இவர் வேறு சேஸ்) 68, மூன்றாவது ரிசீவர் ஆண்ட்ரே யோசிவாஸுக்கு 50. மிச்சம் 115, அது மற்ற எல்லோருக்கும். இந்த 'மற்றவர்கள்' வரியை ஒருபோதும் சுருக்காதீர்கள். 2024-ல் பரோவின் 460 கேட்சில், மேலே சொன்ன ஐந்து பேரும் சேர்ந்து பிடித்தது 355. பாக்கி 105 கேட்சும் 795 யார்டும் பெயர் நினைவில் நிற்காத ஆட்களுடையவை.

ஐந்தாம் படி: டார்கெட்டை யார்டாக்குவது

டார்கெட் பங்கு வருஷத்துக்கு வருஷம் ஓரளவு நிலையாக இருக்கும். டார்கெட்டுக்கு எத்தனை யார்டு என்பது அதைவிட ஆடும். அதனால் ஒரே சீசனை நம்பாமல் வீரரின் மொத்த வரலாற்றை எடுத்துக்கொண்டு, கடைசி சீசனுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுங்கள்.

சேஸ் நான்கு சீசனில் 582 டார்கெட்டில் 395 கேட்ச், 5,425 யார்டு. அதாவது 67.9 சதவீதம், கேட்சுக்கு 13.7. முதல் வருஷம் 63 சதவீதமாக இருந்தது, 2024-ல் 72.6 சதவீதம். தூரப் பந்துகளை மட்டும் துரத்தாமல் குட்டைப் பந்துகளையும் வாங்க ஆரம்பித்ததால் கேட்ச் கூடி, கேட்சுக்கான யார்டு குறைந்தது. இந்தப் போக்கு தொடரும் என்று வைத்து 70 சதவீதம், 12.9 யார்டு என்கிறேன். 112 கேட்ச், 1,445 யார்டு.

1,708 எங்கே, 1,445 எங்கே என்று சேஸின் ரசிகருக்கு வயிறு எரியலாம். அந்த 1,708-ஐப் பிரித்துப் பார்க்கலாம். பால்டிமோருக்கு எதிரான இரண்டு ஆட்டத்தில் மட்டும் அவர் 193, 264 என்று 457 யார்டும் ஐந்து டச் டவுனும் எடுத்தார். நவம்பர் 7 வியாழக்கிழமை இரவு அந்த 264 யார்டு ஆட்டம், பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்: 11 கேட்ச், மூன்று டச் டவுன், இருந்தும் 35-34 என்று தோல்வி. அந்த இரண்டு ஆட்டத்தையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை, அவையும் அவர் உழைப்புதான். மற்ற 15 ஆட்டத்தில் சராசரி 83 யார்டு என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். என் கணிப்பு ஆட்டத்துக்கு 87-க்கு மேல் வருகிறது. கஞ்சத்தனம் இல்லை.

இதே வழியில் ஹிக்கின்ஸுக்கு 66 சதவீதம், கேட்சுக்கு 13.1 வைத்தால் 81 கேட்ச், 1,061 யார்டு. கெசிக்கி 51 கேட்ச், 530 யார்டு. பிரவுன் 55 கேட்ச், 374. யோசிவாஸ் 31 கேட்ச், 403.

டச் டவுன்: எதையும் அப்படியே நம்பாதீர்கள்

இருக்கும் எண்களிலேயே அதிகம் ஆட்டம் காட்டுவது இதுதான். டெட்ராய்ட் லயன்ஸின் கால்வின் ஜான்சன் 2012-ல் 1,964 யார்டு எடுத்தார், ஒரு சீசனுக்கான சாதனை. டச் டவுன் வெறும் ஐந்து. அதற்கு முந்தைய வருஷம் 16, அடுத்த வருஷம் 12. மூன்று வருஷமும் அதே ஆள்தான். 1 யார்டு கோட்டில் பிடித்துக் கீழே சாய்க்கப்பட்டால் டச் டவுன் ரன்னிங் பேக்குக்குப் போய்விடும். இவ்வளவு சின்ன விஷயத்தில் தொங்கும் எண்ணை அப்படியே அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக முடியாது.

டார்கெட்டுக்கு எத்தனை டச் டவுன் என்ற வீதத்தை முழு வரலாற்றிலிருந்து எடுங்கள். சேஸ் 582-க்கு 46, ஆக 160-க்கு 12.6, கொஞ்சம் குறைத்து 12 வைக்கிறேன். ஹிக்கின்ஸ் 512-க்கு 34, ஆக 123-க்கு 8. 2024-ல் 36 கேட்சில் ஆறு டச் டவுன் எடுத்த யோசிவாஸை நான்குக்கு இறக்குங்கள், 65 கேட்சில் இரண்டே எடுத்த கெசிக்கியை மூன்றுக்கு ஏற்றுங்கள். பிரவுனுக்கு மூன்று.

கூட்டிச் சரிபார்க்கும் நேரம்

கேட்ச்: 112 + 81 + 51 + 55 + 31 = 330. மொத்தம் 423. மற்றவர்களுக்கு 93.
யார்டு: 1,445 + 1,061 + 530 + 374 + 403 = 3,813. மொத்தம் 4,551. மற்றவர்களுக்கு 738.
டச் டவுன்: 12 + 8 + 3 + 3 + 4 = 30. மொத்தம் 34. மற்றவர்களுக்கு 4.

மிச்ச வரியைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். 93 கேட்சுக்கு 738 யார்டு என்றால் கேட்சுக்கு 7.9. 2024-ல் அதே ஆட்களுக்கு 7.6. நெருங்கி வருகிறது, சரி. இது 4 என்றோ 14 என்றோ வந்திருந்தால், மேலே யாருக்கோ அதிகமாகவோ குறைவாகவோ கொடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். அப்போது மிச்ச வரியைக் கிள்ளிச் சமன் செய்யாமல், நான்காம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

குவார்ட்டர்பேக் விழுந்தால்?

2024 முடிவில் இருந்து பார்த்தால் பரோவின் ஐந்து சீசனில் இரண்டு, பத்தாவது ஆட்டத்தோடு முடிந்திருந்தன: 2020-ல் முழங்கால், 2023-ல் மணிக்கட்டு. இப்படிப்பட்டவருக்கு 17 ஆட்டத்துக்கு மட்டும் ஒரு கணக்குப் போட்டு நிறுத்துவது பாதி வேலை. மாற்று ஆளை வைத்து இன்னொரு கணக்கு கட்டாயம் வேண்டும்.

மாற்று ஆளுக்கு ஆட்டத்துக்கு 33 பந்து, பந்துக்கு 6.8 யார்டு, 4 சதவீதம் டச் டவுன் என்று வைப்போம். 2023-ல் ஜேக் பிரவுனிங் மாற்றாக வந்து 243 பந்தில் 1,936 யார்டு எறிந்தார், பந்துக்கு கிட்டத்தட்ட 8. அதை அளவுகோலாக வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள், 243 பந்து ரொம்பக் கொஞ்சம். பரோ 13, மாற்று ஆள் 4 என்றால் மொத்தம் சுமார் 4,375 யார்டு, 32 டச் டவுன். பரோ 8, மாற்று ஆள் 9 என்றால் சுமார் 4,165 யார்டு, 28 டச் டவுன். பயப்படும் அளவுக்கு யார்டு சரியவில்லை, டச் டவுன்தான் அதிகம் அடிவாங்குகிறது. நல்ல ரிசீவர்கள் இருக்கும் அணிக்கு இது பொதுவாகப் பொருந்தும்.

நடந்ததும் அந்தக் கடைசி நிலைமைதான். 2025 செப்டம்பர் 14, இரண்டாவது வாரம், ஜாக்சன்வில்லுக்கு எதிராகப் பரோவின் கால் கட்டைவிரல் மூட்டில் காயம், அறுவை சிகிச்சை. அவர் திரும்பியது நவம்பர் 27, தேங்க்ஸ்கிவிங் நாளில். சீசனில் ஆடியது எட்டே ஆட்டம். முதலில் பிரவுனிங் வந்து தடுமாறினார். அக்டோபரில் கிளீவ்லாந்திலிருந்து 40 வயது ஜோ ஃப்ளாக்கோவை வாங்கினார்கள். அவர் வந்த இரண்டாவது ஆட்டத்திலேயே, அக்டோபர் 16 அன்று பிட்ஸ்பர்கை 33-31 என்று வென்றபோது, சேஸ் 23 டார்கெட்டில் 16 கேட்ச், 161 யார்டு. ஒரு ஆட்டத்தில் 16 கேட்ச் என்பது பெங்கால்ஸ் அணியின் சாதனை. எறிபவர் மாறினாலும் பந்து போகும் இடம் மாறவில்லை. பங்கு என்பது பெரும்பாலும் ரிசீவரோடு ஒட்டியது, தரம் என்பது குவார்ட்டர்பேக்கோடு ஒட்டியது. இந்த இரண்டையும் தாளில் தனித்தனிக் கட்டமாக வைத்திருந்தால், குவார்ட்டர்பேக் மாறும் நாளில் இரண்டாம் படியின் மூன்று எண்ணை மாற்றினாலே மொத்தத் தாளும் திருந்திக்கொள்ளும்.

எப்போது திருத்துவது?

மே மாதம் அட்டவணை வந்ததும் முதல் பதிப்பை முடித்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் பயிற்சி முகாம் செய்திகளில் யார் பிரமாதமாகப் பந்து பிடித்தார் என்பதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டாம், எல்லா அணியிலும் ஒருவர் பிரமாதமாகத்தான் பிடிப்பார். முதல் வரிசை குவார்ட்டர்பேக்கோடு களத்தில் இறங்கும் மூன்றாவது ரிசீவர் யார், யாருக்குக் காயம் என்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் கடைசியில் அணி 53 பேராகச் சுருங்கியதும் 'மற்றவர்கள்' வரியை ஒருமுறை பாருங்கள்.

சீசன் தொடங்கியதும் முதல் இரண்டு வாரம் கையைக் கட்டிக்கொண்டிருங்கள். நான்கைந்து ஆட்டம் ஆன பிறகு டார்கெட் பங்கைத் திருத்தலாம், அது சீக்கிரம் உண்மை பேசும். யார்டு வீதத்துக்குப் பாதி சீசன் வேண்டும். டச் டவுன் வீதத்தை அந்த வருஷம் முழுக்கத் தொடவே தொடாதீர்கள். ஐந்து ஆட்டத்தில் ஆறு டச் டவுன் எடுத்தவருக்கு அந்த ஆறை அப்படியே கணக்கில் சேர்த்துவிட்டு, மிச்சம் 12 ஆட்டத்துக்குப் பழைய வீதத்தையே ஓட்டுங்கள்.